பென்டிரைவில் போய்வரும் கணக்கு: பழைய பிரீஃப்கேஸா, ரோபோகாப்பியா?

கணக்குப்பிள்ளை:
பர்மாவில் எங்கள் ரங்கூன் கடையில் விண்டோஸ் 7, மோல்மேன் கிளையில் விண்டோஸ் எக்ஸ்பி. உளுந்து, பயறு கணக்கெல்லாம் எக்செலில். கரண்ட் எப்போது வரும், நெட் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் கிளவுடை எங்கே நம்புவது, அதனால் பென்டிரைவ் பஸ்ஸில் போய்வருகிறது. இதற்கு, இரண்டு இடத்து ஃபைல்களை ஒத்துப்போக வைக்கும் விண்டோஸ் 95 காலத்துப் பிரீஃப்கேஸ் ஃபோல்டரே போதும் என்பது என் கட்சி. பென்டிரைவில் ஒரு பிரீஃப்கேஸ் உண்டாக்கி ரங்கூன் ஃபோல்டரை அதில் இழுத்துப் போட்டு, மோல்மேனில் அதற்குள்ளேயே திறந்து எழுதி, திரும்பி வந்ததும் 'அப்டேட் ஆல்' அழுத்தினால் வேலை முடிந்தது.

கறுப்புத்திரை:
அண்ணே, இன்னுமா அதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? விண்டோஸ் 8-இலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது, அடுத்த கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் தேடினாலும் கிடைக்காது. கட்டளை அடித்து ஃபைல்களை நகலெடுக்கும் ரோபோகாப்பி, விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே கூடவே வருகிறது. அந்தக் கட்டளையோடு எக்ஸ்ஓ (/XO) சுவிட்ச் போட்டால் பழைய ஃபைல் புதியதை அழிக்காது, அவ்வளவுதான் விஷயம்.

மோல்மேன் தம்பி:
அழிக்காதா? எங்கள் கிளை மெஷின் சென்னையிலிருந்து வந்தது, டைம் ஸோன் இன்னும் இந்தியாதான். உலகப்பொது நேரத்தைவிட நம்முடையது ஆறரை மணி முன்னே, அங்கே ஐந்தரை. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட், அது நேரத்தை உள்ளூர்க் கடிகாரப்படி அப்படியே எழுதும். நான் இங்கே பத்தரைக்கு எழுதிய ஃபைலில் ஒன்பதரை என்று பதிவாகும். ரங்கூனில் அதே ஃபைலைப் பத்து மணிக்குத் தொட்டிருந்தால் என்னுடையது 'பழையது' என்று எக்ஸ்ஓ ஒதுக்கிவிடும், ஒரு எச்சரிக்கைகூட வராது. அப்புறம் கரண்ட் போய்ப் போய், உள்ளே பேட்டரி செத்த மெஷின் என்றால் தேதியே பல வருஷம் பின்னால் போய் நிற்கும்.

கறுப்புத்திரை:
கடிகாரம் தப்பானால் அது மெஷின் குற்றம், ரோபோகாப்பி என்ன பண்ணும்? எக்ஸ்பி பட்டியலில் 'ரங்கூன்' என்றே ஸோன் இருக்கிறது, மாற்றுங்கள். பென்டிரைவை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் பண்ணுங்கள், அது உலகப்பொது நேரத்தில் எழுதும். என்னைக் கேட்டால் ஒரே ஃபைலை இரண்டு ஊரிலும் தொடுவதே தப்பு. கிளைக்கு ஒரு ஃபோல்டர், ஒரே திசையில் எம்ஐஆர் (/MIR) சுவிட்ச். (எம்ஐஆர் என்றால் போய்ச்சேரும் இடத்தில் கூடுதலாக இருப்பதை அழித்துவிடும், முதலில் எல் (/L) சுவிட்ச் போட்டு வெறும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கணக்குப்பிள்ளை:
கிளைக்கு ஒரு ஃபோல்டர் சரிதான், ஆனால் சரக்கு இருப்பு ஒரே ஃபைல்தானே, அதை எப்படிப் பிரிப்பது? பிரீஃப்கேஸ் யார் புதிது என்று பார்ப்பதில்லை தம்பி. கடைசியாகச் சேர்த்தபோது இருந்த நிலையைக் குறித்து வைத்திருக்கிறது, அதிலிருந்து எந்தப் பக்கம் மாறியது என்று பார்க்கிறது. இரண்டு பக்கமும் மாறியிருந்தால் எதையும் தொடாமல் 'ஸ்கிப்' காட்டும். நான் போன் போட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொள்வேன். எக்ஸ்ஓவுக்கு நேற்று என்பதே தெரியாது.

கறுப்புத்திரை:
அந்தக் குறிப்பு அதே பென்டிரைவில் ஒரு மறைந்த ஃபைலாகத்தானே கிடக்கிறது? அப்டேட் நடுவில் கரண்ட் போய் அது கெட்டால் என்ன செய்வீர்கள்?

மோல்மேன் தம்பி:
அதனால்தான் லேப்டாப்பில் பேட்டரி பார்த்துவிட்டு அப்டேட் அழுத்தச் சொல்கிறேன். ரோபோகாப்பியை வேண்டாம் என்று சொல்லவில்லை, பஸ் ஏறுவதற்கு முன் முழு ஃபோல்டரையும் தேதி போட்டு வேறொரு டிஸ்கில் நகல் எடுக்க அதுதான் சரி. இருப்பு ஃபைலை மட்டும் அதன் கையில் கொடுக்க மாட்டேன். ஸோனை இன்றைக்கே மாற்றுகிறேன்.