ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகங்களின் சனிக்கிழமைப் பள்ளிகள்: நம் இளையர் வகுப்புக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

உட்லண்ட்ஸ் தொண்டூழியர்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் தமிழ் இளையர் குழு ஒன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி நாடகம், நடனம், பேச்சுப்போட்டி என்று உழைக்கிறோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உற்சாகமாக வருகிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் விழா முடிந்த கையோடு கலைந்துவிடுகிறார்கள், அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலைகளில் ஓர் அறை தர முன்வந்திருக்கிறார்கள். நலம்விரும்பிகள் சிலர் சிறு தொகையும் தந்திருக்கிறார்கள். பள்ளியில் மொழிப்பாடம் நடக்கிறது என்பதால் அதையே திரும்ப நடத்தாமல், தாங்கள் யார், எந்த வழியாக இந்தத் தீவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்பதை இளையர்கள் அறிந்துகொள்ளும் மரபுடைமை வகுப்பாக இதை அமைக்க விரும்புகிறேன்.

இதற்காகப் படிக்கத் தொடங்கியபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரேசிலிலும் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே நடத்திய பள்ளிகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அரசாங்கத்தின் துணை இல்லாமல், பல நேரங்களில் அதன் எதிர்ப்பையும் தாங்கி, அவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்திருக்கிறார்கள் என்பது என்னை ஆழமாகத் தொட்டது. யார் கற்பித்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளை எப்படித் தக்கவைத்துக்கொண்டார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

தேம்ஸ் கரையிலிருந்து திரும்பியவன்

வணக்கம் அக்கா. லண்டனில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பியவன் என்பதால் பிரிட்டனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் 1960களில் அங்குள்ள பள்ளிகளில் சேர்ந்தபோது, அவர்களில் மிகப் பலர் அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் 1971இல் எழுதிய ஒரு சிறு நூல் இந்த அநீதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட தேர்வுகள் அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வாழ்க்கையிலிருந்து கேள்வி கேட்டன என்பதையும், ஆசிரியரின் குறைந்த எதிர்பார்ப்பே பிள்ளையின் தன்மதிப்பைக் குலைக்கிறது என்பதையும் அவர் பெற்றோருக்குப் புரியும்படி எழுதினார்.

பெற்றோர்கள் மனுக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. டிரினிடாடிலிருந்து வந்து வடக்கு லண்டனில் குடியேறி, 1966இல் நியூ பீக்கன் என்ற பதிப்பகத்தைத் தொடங்கிய ஜான் லா ரோஸ், 1969இல் தம் வீட்டிலேயே ஒரு துணைப் பள்ளியை ஆரம்பித்தார். தம் பிள்ளைகளும் நண்பர்களின் பிள்ளைகளுமே முதல் மாணவர்கள். டிரினிடாடில் பிறந்து ஆப்பிரிக்க விடுதலைக்காக உழைத்த ஜார்ஜ் பட்மோரின் பெயரை அந்தப் பள்ளிக்கு வைத்தார்கள். இதைப் போன்ற சனிக்கிழமைப் பள்ளிகள் பிரிட்டனின் பல நகரங்களில் வீட்டுக் கூடங்களிலும் தேவாலய அறைகளிலும் முளைத்தன.

நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே ஆப்பிரிக்க, கரீபிய வரலாற்றை மட்டும் கற்பிக்கவில்லை. கணக்கும் ஆங்கிலமும் சேர்த்தே கற்பித்தார்கள். வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த ஒரு தாய் சனிக்கிழமை காலையில் பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றால், அந்தப் பிள்ளையின் திங்கட்கிழமைப் பள்ளிக்கும் அதனால் பயன் இருக்க வேண்டும் என்பதை அந்த அமைப்பாளர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். மரபைத் தனியாகப் பிரித்து வைத்தால் அது விருந்தினர் அறைப் பொருளாகிவிடும்.

இன்னொன்று, பொறுமை. லென் கேரிசன் முதலியோர் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகத்தை 1981இல் தொடங்கினார்கள். அதற்கு அங்குள்ள விண்ட்ரஷ் சதுக்கத்தில் நிலையான கட்டடம் திறக்கப்பட்டது 2014இல்தான். இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் கடிதங்களையும் புகைப்படங்களையும் துண்டறிக்கைகளையும் யாரோ சிலர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இன்றைய பள்ளி மாணவர்கள் அங்கே போய் அவற்றைப் பார்க்க முடிகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தங்கள் முயற்சி மனத்துக்கு நிறைவளிக்கிறது, அம்மா. ஆனாலும் ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

அட்லாண்டிக் கடலைக் கடந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர் பறிக்கப்பட்டது, மொழி பறிக்கப்பட்டது, பெற்ற பிள்ளையே பறிக்கப்பட்டது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் சட்டம் தடுத்தது. நமக்கோ தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்து அதைக் கற்பிக்கிறது. அவர்களுடைய வேதனையை நம்முடையது போல் இளையர்களிடம் சொல்வது அவர்களுக்கும் நியாயமன்று, நம் வரலாற்றுக்கும் நியாயமன்று. நாம் கற்க வேண்டியது அவர்கள் வேலை செய்த விதத்தை.

அந்த விதத்தில் என்னை மிகவும் கவர்ந்தது 1964ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராடியவர்கள் நடத்திய விடுதலைப் பள்ளிகள். நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில், தேவாலயங்களின் அடித்தளங்களிலும் மரத்தடியிலும், ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்தார்கள். அந்தப் போராட்டத்தை எதிர்த்தவர்கள் தேவாலயங்களை எரித்துக்கொண்டிருந்த கோடை அது. பாடத்திட்டத்தின் நடுவே சில கேள்விகளை வைத்திருந்தார்கள்: பெரும்பான்மையினரின் பண்பாட்டில் இருப்பவற்றுள் நாம் விரும்புவன எவை, வேண்டாதன எவை, நம்மிடம் இருப்பவற்றுள் நாம் காத்துக்கொள்ள விரும்புவன எவை. விடை ஆசிரியரிடம் இல்லை. மாணவர்கள் பேசிப் பேசித்தான் கண்டடைய வேண்டும். அதோடு, பல பள்ளிகளில் மாணவர்களே எழுதி, தட்டச்சு செய்து, பிரதியெடுத்துத் தங்கள் ஊருக்கென்று செய்தித்தாள் வெளியிட்டார்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தக்கவைப்பது எப்படி என்று கேட்டீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நடக்காத வேலை ஒன்றை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நம் விழாக்களில் பெரும்பாலும் நாம் எழுதிக் கொடுத்ததை அவர்கள் ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்தல் முடிந்ததும் வீட்டுக்குப் போவது இயல்புதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்களிடம் கொடுக்கத் தகுந்த வேலை நம் காலடியிலேயே கிடக்கிறது. 1825இல் சுமத்ராத் தீவின் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளையும், அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவையும் எழுப்பிய உழைப்பு அவர்களுடையது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வட்டாரத்திலேயே இருப்பார்கள். பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறியபோது அந்தக் குடும்பங்கள் என்ன செய்தன என்று தாத்தா பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

புத்தளத்துப் பிள்ளை

நான் இலங்கையிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவன். ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்றால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில், போர்த்துக்கேயர் முதலியோரால் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த குடும்பங்கள் வாழ்கின்றன. மஞ்ஞா என்று ஒரு பாட்டும் ஆட்டமும் அவர்களுக்கு உண்டு. மெதுவாகத் தொடங்கி, கைதட்டலும் சிரட்டையும் கண்ணாடிப் போத்தலும் சேர்ந்து வேகம் பிடிக்கும். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கலப்பு மொழி; இளையவர்கள் பேசுவதோ சிங்களம். பாட்டைப் பாட்டிமாரிடம் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். பல வரிகளின் பொருள் கைநழுவிப் போய்விட்டது. இருந்தாலும் பாடுவதை விடவில்லை. இந்தியாவில் கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களையும் உங்கள் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய காகிதம்

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நூலகத்துறையில் வேலை செய்கிறேன்.

அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் உட்சன், 1915இல் கறுப்பின வரலாற்று ஆய்வுக்கென்று ஒரு சங்கத்தை நிறுவினார். 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம்தான் பின்னர் ஒரு முழு மாதமாக வளர்ந்து, 1976இல் அமெரிக்க அதிபரின் அங்கீகாரத்தையும் பெற்றது. எல்லாரும் அந்த மாதத்தை அறிவார்கள். அந்த வாரத்தைத் தாங்கி நிறுத்திய உழைப்பைச் சிலரே அறிவார்கள். உட்சன் ஒவ்வோர் ஆண்டும் படங்கள், பாடக் குறிப்புகள், சிறு நாடகங்கள் ஆகியவற்றைத் தயாரித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார். 1937 முதல் ஆசிரியர்களுக்கென்றே ஓர் இதழையும் நடத்தினார். பெரிய அறக்கட்டளைகள் 1930களில் நிதியை நிறுத்தியபோது அந்தச் சங்கம் மூடப்படவில்லை. ஆசிரியர்களும் தேவாலயங்களும் சாதாரணக் குடும்பங்களும் அனுப்பிய சிறு சிறு தொகைகளில் அது உயிர்வாழ்ந்தது. வெளியார் பணம் இல்லாததால் யாருக்கும் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டிய நிலையும் இல்லாமல் போயிற்று.

ஆர்ட்டூரோ ஷோம்பர்க் இன்னொருவர். புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்த அவர், நியூயார்க்கில் ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, ஆப்பிரிக்க வம்சாவளியினர் எழுதிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் தேடித் தேடி வாங்கினார். 1926இல் கார்னகி நிறுவனம் தந்த 10,000 டாலரைக் கொண்டு நியூயார்க் பொது நூலகம் அந்தத் தொகுப்பை வாங்கி ஹார்லம் கிளையில் வைத்தது. அங்கே சனிக்கிழமைகளில் 11 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கென்று ஒரு திட்டம் நடத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தொகுப்பு இருக்கும் இடத்திலேயே இளையர்கள் ஆராய்ந்து தங்கள் படைப்புகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

நமக்கும் இந்தப் பழக்கம் புதிதன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் வேண்டும் என்பதற்காகத் தமிழ்முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, கூலி வாங்கும் தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். உங்கள் நலம்விரும்பிகளின் தொகையை மேடை அலங்காரத்துக்குச் செலவிடாமல் ஒலிப்பதிவுக் கருவிக்கும் படிகள் எடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பணிவான கருத்து. பெற்றோர்களிடம் மாதம் இரண்டு வெள்ளி கேளுங்கள். தொகை சிறிதுதான், கொடுத்தவர் கேள்வி கேட்பார், வந்து எட்டிப் பார்ப்பார்.

பதிவு செய்வதன் அருமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1930களின் தொடக்கத்தில் லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் அமீலியா டாலி என்ற பெண்மணி பாடிய ஒரு சிறு பாட்டைப் பதிவு செய்தார். பாடியவருக்கு அதன் பொருள் தெரியாது. வீட்டில் வழிவழியாக வந்தது. அது சியரா லியோனின் மெண்டே மொழி என்று பின்னர் உறுதியாயிற்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு அங்குள்ள ஊர் ஊராகப் போனார்கள். செனெஹூன் இங்கோலா என்ற சிற்றூரில் ஒரு பெண், தன் பாட்டி கற்றுத்தந்த இறுதிச்சடங்குப் பாட்டு அது என்று அடையாளம் கண்டு உடன் பாடினார். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார். அந்தச் சிறு பதிவு இல்லாதிருந்தால் இரண்டு குடும்பங்களும் ஒன்றை ஒன்று அறிந்திருக்கவே மாட்டா.

உட்லண்ட்ஸ் தொண்டூழியர்

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே இளையர்களிடம் சொல்லிவிடுவேன்.

இரண்டு முடிவுகளுக்கு வந்திருக்கிறேன். வகுப்பின் முதல் மணி நேரம் பள்ளிப் பாடத்துக்கு உதவி. அதற்குப் பல்துறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நம் முன்னாள் உறுப்பினர்களைக் கேட்டிருக்கிறேன். அடுத்த மணி நேரத்தில் இளையர்களே செம்பவாங் தளத்தில் வேலை செய்த குடும்பங்களைத் தேடி, பேட்டி கண்டு, பதிவு செய்து, ஆண்டு இறுதியில் ஒரு சிறு இதழாக வெளியிடட்டும். என்ன கேட்பது, எதை வெளியிடுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பேட்டி எடுப்பதை அவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது என்பதுதான் இப்போது எனக்குள்ள தயக்கம்.

பழைய காகிதம்

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பேட்டிகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் உள்ளவையும் உண்டு, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். முதல் இரண்டு வாரங்கள் யாரையும் பேட்டி காண வேண்டாம். ஒரு பதிவை எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். பேட்டி எடுப்பவர் எந்த இடத்தில் பேசாமல் காத்திருக்கிறார், எந்தக் கேள்விக்குப் பெரியவர் ஆம், இல்லை என்று முடித்துவிடுகிறார், எந்தக் கேள்விக்குக் கதை சொல்லத் தொடங்குகிறார் என்று இளையர்களே குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒருவரை ஒருவர் பேட்டி கண்டு பழகலாம். பெரியவர்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குவதை மறக்க வேண்டாம். வெளியிடும் முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டி, நீக்கச் சொல்வதை நீக்கிவிடுங்கள். சம்மதப் படிவத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதித் தருகிறேன். தனி மடலில் கேளுங்கள்.