புதுப்பிப்பு: எங்கள் ஓட்டோக் குறும்படம், உங்கள் கருத்துகளுக்குப் பிறகு

மீற்றர் போட மறுக்கும் ஓட்டோக்காரர், பேரம் பேசிப் பேசியே கொழும்பு வெள்ளவத்தையைத் தாண்டிவிடும் மாமி. இந்தக் குறும்படத்தில் எங்கே சிரிப்பு வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

"சூப்பர் மச்சான்" என்றவர்களுக்கு நன்றி, ஆனால் அதை வைத்து எடிட் பண்ண முடியாது. உதவியது, "மூன்றாவது நிமிடத்தில் போனை எடுத்துவிட்டேன்" என்ற வரிதான். அங்கே மாமி தன் பகிடியைத் தானே விளக்குகிறா. அந்த வசனத்தை வெட்டி, ஓட்டோக்காரரின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டோம். இப்போது அந்த இடம் வேலை செய்கிறது.

ரயில் பாதையோரம் போகும் மரைன் டிரைவ் வீதிக் காட்சியில் ரயில் சத்தம் வசனத்தை விழுங்குகிறது என்றீர்கள். குரலை மீண்டும் பதிந்தோம், உதட்டசைவு பொருந்தவில்லை. சரி என்று, ரயில் போகும்வரை இருவரும் சத்தமே கேட்காமல் சண்டை போடுவதாக வைத்துவிட்டோம். பின்னணி இசையைக் குறைக்கச் சொன்னீர்கள், அதற்கு மட்டும் எனக்கு மனமில்லை.

முடிவு இழுக்கிறதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.