1967 லீட்ஸ் ரயில் படம்: அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் ஒரு கருப்பு வெள்ளைப் படம் கைக்கு வந்தது. பின்பக்கம் பென்சிலில் "லீட்ஸ், சனிக்கிழமை, 1967" என்று மட்டும் இருக்கிறது. எஞ்சின் எண் 45593. ஜூபிலி என்ற நீராவி எஞ்சின் வகை, பெயர் 'கோலாப்பூர்'! நம் நாட்டு சமஸ்தானத்தின் பெயரோடு யார்க்‌ஷயரில் ஓடிய எஞ்சின், பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. ஓட்டுநர் ஜன்னலில் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்க்கிறார், பின்னால் எட்டுப் பெட்டிகள்.

அந்தக் கோடையில் சனிக்கிழமைகளில் லீட்ஸிலிருந்து செட்டில் (Settle), கார்லைல் ஊர்கள் வழியாக கிளாஸ்கோ போன ரயில்களை, லீட்ஸில் இருந்த ஹோல்பெக் எஞ்சின் ஷெட்டின் ஜூபிலிகள் இழுத்தன. அக்டோபரில் அந்த ஷெட்டில் நீராவி எஞ்சின்களின் காலமே முடிந்துபோனது. ஒரு ரயில் பர்மிங்காமிலிருந்து வந்தது, இன்னொன்று லீட்ஸிலேயே புறப்பட்டது. படத்தில் இருப்பது இவற்றில் எது?

1967 கோடைகால அட்டவணை யாரிடமாவது இருந்தால் லீட்ஸ்–கார்லைல் பக்கங்களை மட்டும் போனில் படமெடுத்து அனுப்ப முடியுமா? அப்புறம், லீட்ஸ் பக்கம் வசிப்பவர்கள் படத்தில் வலப்புறம் தெரியும் செங்கல் பாலத்தைக் கொஞ்சம் பாருங்கள். அந்த இடம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.