புதுப்பிப்பு: மலிவு இறக்குமதி டிரம்பெட்களில் சிக்கிய வால்வுகள்

எங்கள் அணிவகுப்பு பேண்டுக்கு மலிவாக வாங்கிய ஆறு இறக்குமதி டிரம்பெட்களிலும் வால்வுகள் அழுத்தினால் மேலே எழாமல் சிக்குகின்றன, உள்நாட்டுத் தயாரிப்புக்கே மாறிவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, ‘எண்ணெயை மாற்றும் முன் கழுவுங்கள்’ என்ற யோசனைதான். வால்வுக்குள் மேலும் கீழும் நகரும் உருளைகளான பிஸ்டன்களைக் கழற்றி, அவை இருக்கும் வால்வுக் கூடுகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் தூரிகையால் தேய்த்தோம். கருஞ்சாம்பல் நிறப் பசை வழிந்துகொண்டே இருந்தது. பிஸ்டனைத் தேய்த்துப் பொருத்தும்போது பூசும் பசை அது, துடைக்காமலே அனுப்பியிருக்கிறார்கள்! கொதிநீர் மட்டும் வேண்டாம், மேற்பூச்சு உரிந்துவிடும். உலர்த்தி எண்ணெய் விட்டதும் ஐந்து சரியாகின. ஆனால் அவற்றில் ஒன்றில் முதலில் காற்றே போகவில்லை. 1, 3 எண் பிஸ்டன்களை இடம் மாற்றி மாட்டியிருந்தோம். எண் பார்த்து மாட்டியதும் ஒலித்தது.

ஆறாவது தேறவில்லை. பிஸ்டனின் நிக்கல் பூச்சே உரிந்திருந்தது, அந்த அளவில் உதிரியும் கிடைக்கவில்லை. அதனால்தான் அதற்குப் பதிலாக, உதிரிபாகம் கிடைக்கும் உள்நாட்டு டிரம்பெட் ஒன்றை வாங்கினோம்.

எதிர்பாராதது: அதன் வால்வுகளிலும் அதே பசை, கொஞ்சமாக. அதையும் கழுவிய பிறகே வாசிப்பவரிடம் கொடுத்தோம்.