ரெஸ்யூமில் எழுதாமல் விட்ட வேலை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு வாத்தியார்:

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுக்கிறேன். நான்கு வருடமாக பிளேஸ்மென்ட் பொறுப்பும் என் தலையில்தான். போன மாதம் மூன்றாம் ஆண்டுப் பசங்களிடம் ரெஸ்யூம் எழுதி வாங்கினேன். 54 பேர் கொடுத்தார்கள், 54-ம் ஒரே ஆள் எழுதியது. சவாலான சூழலில் உழைத்து நிறுவனத்தோடு நானும் வளர்வதே என் குறிக்கோள் என்று மேலே, பொழுதுபோக்கு பாட்டு கேட்பது, புத்தகம் படிப்பது என்று நடுவே, மேலே கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி கடைசியில். அந்த உறுதிமொழிக்குக் கீழே 'இடம்: கோபிசெட்டிபாளையம்' என்று 11 பேர் போட்டிருந்தார்கள். அதில் ஒருவன்கூட கோபிக்காரன் இல்லை. எவனோ ஒரு சீனியரின் ஃபைல் வாட்ஸப்பில் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது, பெயரையும் மார்க்கையும் மட்டும் மாற்றிவிட்டு உண்மை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

சரி, நேரில் பேசிப் பார்ப்போம் என்று மாதிரி இன்டர்வியூ வைத்தேன். ஒரு பையன், உன்னைப் பற்றிச் சொல் என்றதும் மனப்பாடம் செய்ததை ஆங்கிலத்தில் ஆரம்பித்தான், இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். வேர்த்துக் கொட்டுகிறது. ஆங்கிலத்தை விடுப்பா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டேன். "சும்மாதான் சார் இருப்பேன்." பின்னால் இருந்து இன்னொருவன், "பொய் சார், அவங்க சித்தப்பா பட்டறைல லேத் ஓட்டறான்" என்றான். பத்தாவது லீவிலிருந்து ஓட்டுகிறானாம். விசைத்தறிக்கு வேண்டிய ஷாஃப்ட் கடைவது, சேஞ்ச் கியர் மாற்றி மரை போடுவது, எல்லாம் தனியாகச் செய்வானாம். மரை போடுவதைப் பாடத்தில் நான் நடத்தியபோது கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவன் இவன். ஏண்டா இதை எழுதவில்லை என்றால், "அது பட்டறை சார், கம்பெனி இல்லையே" என்கிறான்.

அன்றிலிருந்து ஒவ்வொருவனாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். கேட்டரிங் போகிறவன், மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன், விடியற்காலை பேப்பர் போடுகிறவன். ஒருத்தனும் எழுதவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பவர்கள் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.

ஓரகடம் ஷிஃப்ட்:

சார், அந்தப் பையன் நான்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் டிப்ளமோ முடித்தேன். கேம்பஸில் ஒன்றும் அமையவில்லை, ஏழெட்டு மாதம் அலைந்தேன். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரூம்மேட் சட்டையை வாங்கி டக்-இன் செய்துகொண்டு போனேன். எழுத்துத் தேர்வில் பாதிப் பேரைக் கழித்துவிட்டார்கள். உள்ளே மூன்று பேர். சுயஅறிமுகம் நானும் பாதியில் விட்டேன், அதைச் சொல்லவே வேண்டாம். அப்புறம் அதில் வயதானவர் ஒரு ஜாபையும் (கடைந்த உருப்படி) அதை அளக்கும் ஒரு வெர்னியரையும் மேஜையில் வைத்து, வெளிவிட்டம் எவ்வளவு என்றார். நான் வெர்னியரை எடுத்ததும் அதன் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். யோசித்துச் செய்ததில்லை, பார்க்காமல் அளந்தால் எங்கள் பட்டறை மேஸ்திரி பின்னந்தலையில் ஒன்று போடுவார், அந்தப் பழக்கம். "இதை எங்கப்பா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். "காலேஜ் லேப்ல சார்" என்றேன். வெட்கம்தான், வேறென்ன. அவர் சிரித்துவிட்டு, "லேப்ல எவனும் ஜீரோ பார்க்க மாட்டான், உண்மையச் சொல்லு" என்றார். அப்புறம்தான் அம்பத்தூரில் மாமாவோடு வேலை பார்த்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு கேள்வியே வேறு மாதிரி ஆகிவிட்டது. என்ன மெட்டீரியல் ஓட்டினாய், டூல் உடைந்தால் யார் காசு, ரிஜெக்ட் ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கால் மணி நேரம் தமிழிலேயே பேசினோம்.

பசங்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் சார். நான் சேர்ந்தது அப்ரண்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராக. டிப்ளமோவுக்கு அப்போது குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000, அதில் பாதியைக் கம்பெனிக்கு அரசு திருப்பிக் கொடுத்தது. ஒரு வருடம் முடிந்ததும் எடுத்தே ஆக வேண்டும் என்று 1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் கிடையாது. எங்களோடு சேர்ந்த 16 பேரில் மூன்று பேரைத்தான் நிறுத்திக்கொண்டார்கள், நான் அதில் இல்லை. ஆனால் தரமணி தொழிற்பழகுநர் வாரியம் கொடுத்த சான்றிதழும் அந்த ஒரு வருட ஷிஃப்டும்தான் அடுத்த கம்பெனியில் என்னை உள்ளே விட்டது.

எச்ஆர் அக்கா:

நான் அந்தப் பக்கம் உட்காருகிறவள். சென்னையில் 12 வருடமாக ஆள் எடுக்கிறேன். வாத்தியார் சொல்வது சரிதான், ஆனால் அது தலைகீழாகவும் போகும், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கடலூர் பக்கத்துப் பையன், பி.காம். முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போவேன் மேடம் என்று அவனே சொன்னான். எனக்கு சந்தோஷமாகிவிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அடுத்த பத்து நிமிடமும் வீட்டுக் கஷ்டம். அம்மாவுக்கு ஆபரேஷன், அப்பா வாங்கிய கடன், தங்கச்சி படிப்பு. பொய் ஒன்றும் இல்லை, கண் கலங்கித்தான் சொன்னான், எங்களுக்கும் மனது கனத்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் கேட்க முடியவில்லை, கேட்டால் மனிதத்தன்மையே இல்லாத மாதிரி இருக்கும். வெளியே போனதும் என்னோடு இருந்தவர் 'நல்ல பையன், என்ன தெரியும் என்று தெரியவில்லை' என்று எழுதிவிட்டார். நானும் மறுக்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது. அவன் சொல்லியிருக்க வேண்டியது பந்தியைப் பற்றித்தான். ஒரு பந்திக்கு எத்தனை இலை, எத்தனை பேர் பரிமாறினீர்கள், ரசம் தீர்ந்துபோனால் என்ன செய்தாய், பெரியவர் ஒருவர் கோபித்து எழுந்தால் யார் போய்ச் சமாதானம் செய்வது? வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுக்கிறோம், இதைவிட வேறென்ன வேண்டும் எங்களுக்கு? நானாவது கேட்டிருக்கலாம்.

சரி, கையோடு கொஞ்சம் சில்லறை விஷயங்கள். அப்பா பெயர், மதம், திருமணம் ஆயிற்றா, இதெல்லாம் ரெஸ்யூமில் வேண்டாம். ஆதார் எண்ணைப் போடவே போடாதீர்கள், அந்த பேப்பர் எங்கெங்கே போகும் என்று எங்களுக்கே தெரியாது. புத்தகம் படிப்பேன் என்று எழுதினால் கடைசியாகப் படித்தது என்ன என்று கட்டாயம் கேட்பேன், பெரும்பாலும் பேந்தப் பேந்த விழிப்பார்கள். ரவுடிபாய் என்ற பெயரில் ஈமெயில் வைத்திருந்த ஒரு தம்பியை நாங்கள் எடுத்தோம், ஆனால் ஆபீஸ் முழுக்க அவனுக்கு இன்றுவரை அதுதான் பெயர். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டாவது போன் நம்பர் ஒன்று கொடுங்கள். தேர்வான பிறகு கூப்பிட்டால் ரீசார்ஜ் தீர்ந்து நம்பரே செத்துக்கிடக்கும், அப்படி வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். சரிபார்ப்பில் வெளியே வந்தால் சேர்ந்த பிறகும் அனுப்பிவிடுவார்கள்.

தர்மபுரி கணிதம்:

அக்கா, ரசம் தீர்ந்துபோனால் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். நான் பி.எஸ்சி. கணிதம். 2021 கடைசியில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது தன்னார்வலராகப் பதிந்துகொண்டேன். மாதம் 1,000 ரூபாய், சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வகுப்பு, மூன்றாவதும் நான்காவதும் படிக்கிற 18 வாண்டுகள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் கழித்தலே மறந்து வந்தவர்கள். வேலை தேடும்போது அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். ஒரு இடத்தில், வட்டி என்றால் என்னவென்று படிக்காத ஒருவருக்கு விளக்குங்கள் என்றார்கள். எனக்கு உடனே புளியங்கொட்டைதான் ஞாபகம் வந்தது. பத்துக் கொட்டை கடன் வாங்கினால் மாதம் ஒரு கொட்டை சேர்த்துக் கொடுக்கணும், கொடுக்காவிட்டால் அதுவும் கடனோடு சேரும் என்று மேஜை மேலிருந்த ஸ்டேப்ளர் பின்னை உடைத்துப் போட்டே சொல்லிக் காட்டினேன். எங்கே கற்றாய் என்று கேட்கத்தான் செய்தார்கள்.

வேலை கிடைக்கவில்லை. ஆங்கிலம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அனுபவம் 'இல்லை' என்பதை அன்றைக்கே அடித்துவிட்டு, 18 குழந்தைகள், எத்தனை மாதம், என்ன நடத்தினேன் என்று எழுதினேன். அதற்கடுத்த மூன்றாவது இடத்தில் கிடைத்தது. அங்கே கேட்டதே அந்தத் திண்ணையைப் பற்றித்தான்.

வடபழனி ஏமாளி:

என்னுடையது வேறு மாதிரி அனுபவம். 2014-ல் ஒரு கன்சல்டன்சியில் 35,000 ரூபாய் கட்டினேன். திருப்பித் தரும் டெபாசிட் என்றார்கள். அம்மாவின் வளையல். கலர் பிரிண்ட் எடுத்த ஆஃபர் லெட்டர் கொடுத்தார்கள், அந்த முகவரிக்குப் போனால் பூட்டிய ஷட்டர். அப்பாயின்ட்மெண்ட் தருகிறேன், பணம் கட்டு என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள் வாத்தியாரே, ரெஸ்யூமெல்லாம் அப்புறம்.

எச்ஆர் அக்கா:

இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. எங்கள் கம்பெனி பெயரிலேயே போலி லெட்டரோடு பிள்ளைகள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். 'ஏதாவது கேட்க வேண்டுமா' என்று கடைசியில் கேட்டால் எல்லோரும் 'நோ மேடம்' என்கிறார்கள். கேளுங்கள். 3 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு வாடகைக்கு வீடு பார்த்துவிடுகிறார்கள். உங்கள் பங்கு பிஎஃப் மட்டுமா, கம்பெனி போடும் பங்கும் அந்த 3 லட்சத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும், கிராஜுவிட்டியைக்கூடச் சேர்த்துக் காட்டுவார்கள். பிடித்தம் போக எவ்வளவு வரும், இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைப்பீர்களா, இந்த மூன்றைக் கேட்டதற்காக நான் யாரையும் கழித்ததில்லை.

ஈரோடு வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. ரசம் விஷயத்தை இன்று வகுப்பிலேயே போட்டுப் பார்த்தேன். கேட்டரிங் போகிறவன் எழுந்து, ரசம் தீர்ந்தால் வெந்நீரும் உப்பும் சேர்த்து விளாவுவோம் சார், ஆனா அதை இன்டர்வியூல சொல்லலாமா என்றான். வகுப்பே உருண்டது.

லேத் பையன் அரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். சித்தப்பாவிடம் கேட்டுப் பட்டறைப் பெயரும் போட்டிருக்கிறான். உறுதிமொழியில் இன்னும் இடம் கோபிசெட்டிபாளையம்தான், திருத்தச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு பெண்ணிடம்தான் எனக்கு வழி தெரியவில்லை. காலேஜ் விட்டதும் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், இரண்டு வருடமாக. மாதக் கடைசியில் கணக்கு இடித்தால் முதலாளி இவளைத்தான் கூப்பிடுவாராம். எழுதும்மா என்றால் வேண்டாம் சார் என்கிறாள். லைப்ரரியில் படிப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள், ரெஸ்யூம் அப்பா கண்ணில் பட்டால் காலேஜையே நிறுத்திவிடுவாராம்.

எச்ஆர் அக்கா:

அவள் போக்கில் விடுங்கள் சார். பேப்பரில் வேண்டாம். உள்ளே வந்து வாயால் சொல்லட்டும், அங்கே அப்பா வர மாட்டார்.