22 மி.மீ. கட்டி: ஆபரேஷனா, கதிர்வீச்சா, காத்திருப்பதா?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். வயது 46. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இடது காதின் உள்பக்கம், நரம்பு மூளைத்தண்டுக்குப் போகும் வழியில் 22 மி.மீ. அளவில் ஒரு கட்டி. ரிப்போர்ட்டில் வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா என்று இருக்கிறது. அக்கூஸ்டிக் நியூரோமா என்பதும் இதைத்தானாம். புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது என்று பார்த்த டாக்டர்கள் மூவருமே சொன்னார்கள். மூவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில் மட்டும்தான்.

எப்படித் தெரிந்தது என்றால், போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது "டீச்சர்" என்று யாராவது கூப்பிட்டால் ஜன்னல் பக்கம் திரும்புவேன். கூப்பிட்டது கதவோரம் இருக்கும் பிள்ளையாக இருக்கும். பசங்க அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். போனை இடது காதில் வைத்தால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. காது டாக்டர் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இப்படிக் குறைந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

முதல் சர்ஜன்: இப்போதே எடுத்துவிடுங்கள், கட்டி பெரிதாகப் பெரிதாக, பக்கத்திலேயே ஓடும் முக நரம்பைக் காப்பாற்றுவது கஷ்டம். இரண்டாமவர்: மண்டையைத் திறக்கவே வேண்டாம், காமா நைஃப் கதிர்வீச்சு போதும். மூன்றாமவர்: இது முதல் ஸ்கேன்தானே, 6 மாதம் கழித்து இன்னொன்று எடுத்து வளர்கிறதா என்று பார்ப்போம். மூன்று பேர் கையிலும் இருந்தது ஒரே ஸ்கேன். ஒரே கணக்குக்கு மூன்று விடை வந்தால் என் வகுப்பில் இரண்டு பேருக்காவது மார்க் கிடையாது!

வீட்டுக்காரர், "எடுத்துப் போட்டுட்டா தொல்லை விட்டுது, அதை உள்ள வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குவே?" என்கிறார். எனக்கு முகத்தை நினைத்தால்தான் பயம். வாய் ஒரு பக்கம் கோணிப்போய், நாள் முழுக்கப் பிள்ளைகள் முன்னால் நின்று பேச வேண்டுமே. முதல் சர்ஜன் அடுத்த வாரம் பதில் கேட்டிருக்கிறார்.

"தைரியமா இருங்க" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். இதைக் கடந்தவர்கள் எதை எதோடு எடைபோட்டு முடிவெடுத்தீர்கள் என்று சொன்னால் போதும்.

ஒற்றைக்காது எழுதியது:

டீச்சர், நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன். ஆனா உங்களுக்கு இருக்கிற சாய்ஸ் எனக்கு இல்லை. எனக்கு 34 மி.மீ., மூளைத்தண்டை நல்லாவே அழுத்திக்கிட்டு இருந்தது. நடக்கும்போது ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சிருந்தேன். அந்த அளவுக்குப் போனதுக்கப்புறம் கதிர்வீச்சு சரிவராது, எடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. அதனால என் கதையை அப்படியே உங்க கதைன்னு எடுத்துக்காதீங்க.

எனக்குக் காதுக்குப் பின்னாடி எலும்பைக் குடைஞ்சு, உள்காது வழியாப் போனாங்க. அந்த வழியில போனா அந்தக் காது மொத்தமா போயிடும். ஏற்கெனவே அது உதவாத நிலைமையிலதான் இருந்தது, அதனால சம்மதிச்சேன். மண்டையோட்டின் பின்பக்கமா போற இன்னொரு வழியில கேட்கும் சக்தியைக் காப்பாத்த ஓரளவு வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு எந்த வழின்னு சர்ஜன் சொன்னாரா? சொல்லலைன்னா முதல்ல அதைக் கேளுங்க.

முகம் பத்திக் கேட்டீங்க. ஒளிக்காம சொல்றேன். முழிச்சதும் சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன், பாதி முகம்தான் சிரிச்சது. முக நரம்பு பலவீனத்தை ஹவுஸ்-பிராக்மன்னு ஒரு அளவுகோல்ல 1லிருந்து 6 வரைக்கும் குறிப்பாங்க. 1ன்னா நார்மல், 6ன்னா அசைவே இல்லை. எனக்கு 4ல ஆரம்பிச்சு மெதுவா 2க்கு வந்திருக்கு. வாய் கோணினதை விடப் பெரிய தலைவலி கண்ணுதான். இமை முழுசா மூடாது. பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமை மேல டேப் ஒட்டித் தூங்கணும். ஃபேன் காத்து பட்டாலே எரியும். அதை விட்டா கருவிழியில புண்ணாயிடும்.

தலைசுத்தலும் உண்டு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் முதல்ல நடந்தேன். மறுபக்கத்து உள்காது பேலன்ஸ் வேலையைத் தனியா கத்துக்க நாள் எடுக்கும், பயிற்சி பண்ணினா சீக்கிரம் சரியாகும். இருட்டுல மட்டும் இன்னும் தடுமாறும்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. "எடுத்துப் போட்டுட்டா தொல்லை விட்டுது"ங்கிறது முழுசா சரியில்லை. என் கட்டியில ஒரு மெல்லிசு படலம் முக நரம்போட ஒட்டியிருந்தது. சுரண்டினா நரம்பு போயிடும்னு வேணும்னே விட்டுட்டாங்க. அதுக்காக அவங்களுக்கு இன்னிக்கும் நன்றி சொல்றேன். ஆனா வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எனக்கும் தொடருது.

சர்ஜன்கிட்ட கேக்க வேண்டியது: வருஷத்துக்கு இந்தக் கட்டி எத்தனை பண்றீங்க? என் அளவுக் கட்டியில ஒரு வருஷம் கழிச்சு முகம் 1லயோ 2லயோ இருக்கிறவங்க எவ்வளவு பேர்? நரம்போட ஒட்டியிருந்தா விட்டுடுவீங்களா? நல்ல சர்ஜன் இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டார். கோச்சுக்கிட்டா அதுவும் ஒரு பதில்தான்.

மெல்லப்போ எழுதியது:

நான் காத்திருப்பவள். 11 மி.மீ. கண்டுபிடித்ததிலிருந்து வளரவில்லை. இது பெரும்பாலும் ஆண்டுக்கு 1 அல்லது 2 மி.மீ. அளவில்தான் வளரும், பலருக்கு வருஷக்கணக்கில் அசையாமலே இருக்கும் என்று என் டாக்டர் சொன்னார்.

ஆனால் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: கட்டி வளரவில்லை என்றால் காதும் அப்படியே நிற்கும் என்று அர்த்தமில்லை. என் கட்டி நிற்கிறது, காது இறங்கிக்கொண்டே போகிறது. மிச்சமிருக்கும் காதுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு ஸ்கேனையும் போன வருஷத்ததோடு மட்டும் ஒப்பிட விடாதீர்கள். 1 மி.மீ. வித்தியாசத்தை "அளவெடுப்பில் வந்த பிசகு" என்று தள்ளிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒன்றாகத் தள்ளினால் என்ன ஆகும் என்று கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஸ்கேனோடும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஸ்கேனுக்கு முந்தைய வாரம் எனக்கு வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்காது. அதுவும் இந்த வழியின் விலைதான்.

இரவுப்பணி எழுதியது:

நியூரோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, உங்கள் ஸ்கேனையும் பார்க்கவில்லை.

காமா நைஃபை இங்கே யாரும் விளக்கவில்லை. தலையை அசையாமல் பிடிக்க மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு ஃப்ரேமைத் திருகுவார்கள், சில இடங்களில் மாஸ்க். கிட்டத்தட்ட 200 கோபால்ட்-60 கதிர்கள் பல திசையிலிருந்து வந்து கட்டியில் மட்டும் சந்திக்கும். பெரும்பாலும் அன்றே, இல்லாவிட்டால் மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் கட்டி மறைந்துவிடாது. முதல் சில மாதங்களில் வீங்கிப் பெரிதாகவும் தெரியலாம். அந்த ஸ்கேனைப் பார்த்து அலறியடித்து வருபவர்கள் உண்டு. முக நரம்புக்கு ஆபத்து ஆபரேஷனை விடக் குறைவு. கேட்கும் சக்தி ஆண்டுகள் போகப் போகக் குறையலாம். கதிர்வீச்சுக்குப் பிறகும் வளர்ந்து ஆபரேஷன் தேவைப்பட்டால் திசுக்கள் ஒட்டிக்கொண்டு வேலை கடினமாகும். கட்டி 3 செ.மீ.க்கு மேல் போனால் பொதுவாக இந்த வழியே அடைபட்டுவிடும்.

நார்வேயிலிருந்து 2023ல் ஒரு ஆய்வு வந்தது. 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு உடனே கதிர்வீச்சு, மீதிப் பேருக்கு வளர்ந்தால் மட்டும். 4 ஆண்டு கழித்து, உடனே கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குக் கட்டியின் கன அளவு குறைவாக இருந்தது. காதிலும் தலைசுற்றலிலும் வாழ்க்கைத் தரத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

உங்களுடையது 22 என்கிறீர்கள். காது எலும்புக் குழாய்க்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து அளந்ததா, வெளியே வந்தது மட்டுமா? இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். உங்கள் டாக்டர்கள் மாறி மாறிப் பேசுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

காத்திருக்க முடிவெடுத்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதி வரை பொறுக்க வேண்டாம். மூளை நீர் தேங்குவதாக இருக்கலாம். அன்றே போய்விடுங்கள்.

கரும்பலகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜி டாக்டரிடமே கேட்டுவிட்டேன். 22 என்பது குழாயையும் சேர்த்து. வெளியே இருப்பது 15. மூளைத்தண்டைத் தொடுகிறது, அழுத்தவில்லை. ஒற்றைக்காது எழுதிக் கொடுத்த கேள்விகளை முதல் சர்ஜனிடம் அப்படியே வாசித்தேன். கோபப்படவில்லை. உங்கள் கட்டி வளர்கிறதா என்று ஒரு ஸ்கேனை வைத்து என்னாலும் சொல்ல முடியாது, 6 மாதம் பொறுப்பதால் என் கையை விட்டுப் போகாது என்று அவரே சொன்னார்.

ஆகவே இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை. 6 மாதம் கழித்து ஸ்கேன். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்திருந்தால் கதிர்வீச்சு என்று வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஒற்றைக்காதின் பதிலை இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

இரவுப்பணி, அடுத்த ஸ்கேனை எடுத்த இடத்திலேயேதான் எடுக்க வேண்டுமா?

இரவுப்பணி எழுதியது:

முடிந்தால் அங்கேயே. வேறு இடமென்றால் அதே மாதிரி மருந்து ஏற்றி, மெல்லிய ஸ்லைஸாக எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. பேப்பர் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கி வராமல் ஸ்கேன் படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்குங்கள். ஆடியோகிராமையும் அதே வாரத்தில் எடுத்துவிடுங்கள் டீச்சர்.