28 கேஜ் நைக்ரோம்: கணக்கு 8.1 ஓம், மீட்டரில் 6.5. எங்கே இடிக்குது?

காட்பாடி மேடை:
கல்யாண மேடைக்கு எழுத்து வெட்ட, சூடான நைக்ரோம் (நிக்கல்-குரோமியம்) கம்பியால வெட்டுற தெர்மாகோல் கட்டர். கம்பி மாட்டுற வில் 60 செ.மீ., அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர். நெட்டில் பார்த்த பட்டியல்ல 28 கேஜ் (கம்பித் தடிமன் நம்பர்) நைக்ரோம் மீட்டருக்கு 13.5 ஓம். அப்போ 60 செ.மீ.க்கு 8.1 ஓம், ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கணும். லாங் பஜார்ல 28 கேஜ்னு கேட்டு வாங்கி மாட்டினா மல்டிமீட்டர் 6.5 காட்டுது. அடாப்டர் விட்டு விட்டு வேலை செய்யுது. எழுத்தோட ஓரமெல்லாம் உருகி வெட்டு அகலமாயிடுது. கம்பி டூப்ளிகேட்டாண்ணா?

சத்துவாச்சாரி வைண்டிங்:
கம்பி நல்ல கம்பிதான் தம்பி, பட்டியல்தான் வேற ஊரு. நீங்க பார்த்தது அமெரிக்க கேஜ், ஏ.டபிள்யூ.ஜி. அதுல 28னா 0.32 மி.மீ. நம்ம கடையில 28 கேட்டா பிரிட்டிஷ் கேஜ், எஸ்.டபிள்யூ.ஜி. தருவாங்க, அது 0.376 மி.மீ. தடிமன் கூடினா ஓம் குறையும். 80/20 (நிக்கல் 80, குரோமியம் 20) நைக்ரோம்ல இந்தத் தடிமனுக்கு மீட்டருக்கு 9.8 ஓம், 60 செ.மீ.க்கு 5.9.

மீட்டர் ஏன் 6.5னு கேப்பீங்க. மீட்டரோட ரெண்டு ப்ரோபையும் ஒண்ணோட ஒண்ணு முட்டவச்சுப் பாருங்க, 0.6 கிட்ட காட்டும். அது ஒயரோட ஓம், கழிச்சுடுங்க. 12ஐ 5.9ஆல வகுத்தா 2.03 ஆம்பியர். அடாப்டர் தாங்குற எல்லையே 2தான், அதனாலதான் கட் ஆகி கட் ஆகி வருது.

30 கேஜ் வாங்குங்க. 0.315 மி.மீ., மீட்டருக்கு 14 ஓம், உங்க வில்லுக்கு 8.4. 1.43 ஆம்பியர், 17 வாட். நீங்க முதல்ல போட்ட கணக்குக்கிட்டயே வந்துடும். கடையில கேஜ் சொல்லாதீங்க, மி.மீ. சொல்லி ஸ்க்ரூ கேஜ் வச்சு அளந்து வாங்குங்க.

காட்பாடி மேடை:
28 கம்பி 5 மீட்டர் கையில இருக்கு. பி.டபிள்யூ.எம். டிம்மர் போட்டு குறைச்சா ஆகாதா?

குடியாத்தம் பெஞ்ச்:
இந்த அடாப்டரோட ஆகாது. டிம்மர் கரண்ட்டைக் குறைக்காது, வெட்டி வெட்டி விடும். விடுற நேரத்துல அதே 2.03 ஆம்பியர்தான் ஓடும், அடாப்டர் அப்பவும் முரண்டு பிடிக்கும். 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (பெரிய பவர் சப்ளை) இருந்தா டிம்மர் போடலாம், கம்பியும் வீணாகாது. குறைவா வச்சு ஆரம்பிச்சு மெல்ல ஏத்துங்க. கம்பி சிவக்கவே கூடாது. சிவந்தா தெர்மாகோல் கம்பி தொடுறதுக்கு முன்னாடியே உருகி ஒதுங்கும், உங்க அகல வெட்டு அதுதான்.

ஓம் சரியா வந்தும் வெட்டு கோணினா ஸ்ப்ரிங் இல்லேன்னு அர்த்தம். 60 செ.மீ. கம்பி சூட்டுல சுமார் 2 மி.மீ. நீளும். 2 மி.மீ.தானேன்னு விட்டா நடுவுல 2 செ.மீ. தொய்யும். ஒரு முனையில ஸ்ப்ரிங் போடுங்க, ஆனா கரண்ட் ஸ்ப்ரிங் வழியா போகக் கூடாது, சூடேறி இழுவை போயிடும். தனி ஒயரை நேரா கம்பி முனைக்குக் கொண்டு வாங்க.

முனையில ஈயம் வச்சு சால்டர் பண்ணாதீங்க, நைக்ரோம்ல சாதாரண ஃப்ளக்ஸுக்கு ஒட்டாது. பித்தளை ஸ்க்ரூவும் ரெண்டு வாஷரும் போட்டு இறுக்குங்க. லூசா இருந்தா அங்கேயே ஓம் ஏறி முனை கருகும்.

சத்துவாச்சாரி வைண்டிங்:
இன்னொண்ணு, செட்டிங் பண்றப்போ ஃபேன் எப்படி ஓடுதோ வெட்டுறப்பவும் அப்படியே ஓடட்டும். நம்ம ஊரு வெயிலுக்கு யாரும் நிறுத்த மாட்டாங்க, ஆனா காத்து பட்டா கம்பி குளிர்ந்துடும், டிம்மர் வச்ச இடம் மாறிடும். ஜன்னலை மட்டும் திறந்து வைங்க, அந்தப் புகை நல்லதில்ல.